விளக்குகளுக்கும் விலாசம் உண்டு



நம் வீடுகளில் ஐந்தாறு விளக்குகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சுவரில் ஓர் ஆளி உண்டு. ஆளியை அழுத்தினால் எந்த விளக்கு எரியும் என்பதை வீட்டிலுள்ள சிறு குழந்தையும் அறியும். ஆளியிலிருந்து புறப்படும் கம்பி எந்த விளக்கிற் சென்று முடிகின்றதோ அந்த விளக்கே எரியும். ஆதலால் இங்கே விளக்கிற்குத் தனியான பெயரோ இலக்கமோ வேண்டுவதில்லை. கம்பியே அதன் விலாசமாக அமைந்துவிடுகின்றது.

ஆனால் நானூறு, ஐந்நூறு விளக்குகள் கொண்ட மருத்துவமனையையோ, நூலகத்தையோ, பெரிய அலுவலகத்தையோ எண்ணிப் பாருங்கள். இன்று ஒரே கூடமாக இருப்பது நாளை மூன்று அறைகளாகப் பிரிக்கப்படலாம். பகல் வெளிச்சம் நிறைந்த சாளரத்தோரத்தில் விளக்குகள் மங்கலாகவும், உட்புறத்தில் பிரகாசமாகவும் எரிய வேண்டியிருக்கலாம். இவ்வாறு தேவை மாறுந்தோறும் சுவரை உடைத்துக் கம்பியை மாற்றிக்கொண்டிருத்தல் இயலுமா? இயலாது. இந்த இடர்ப்பாட்டை நீக்குவதற்கே விளக்குகளுக்கு விலாசம் கொடுக்கும் முறை தோன்றியது. அம்முறை எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதையும், அதில் மனிதரின் கவனம் எங்கே இன்றியமையாதது என்பதையும் இன்று உங்களுடன் ஆராய விரும்புகின்றேன்.

இப்பொருளில் எனக்கு நாட்டம் ஏற்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பாடசாலையின் பரிசளிப்பு விழாவை ஒரு பொது மண்டபத்தில் நடத்தினோம். மாணவரின் நாடகம் தொடங்கும் வேளையில், பார்வையாளர் பக்கத்து விளக்குகளை அணைக்குமாறு பொத்தானை அழுத்தினார்கள். அவை அணைந்தன. அவற்றோடு, எவரும் எதிர்பாராத வகையில், வெளியே இறங்கும் படிக்கட்டின் விளக்கும் அணைந்துவிட்டது. அவ்வேளை படியில் இறங்கிக்கொண்டிருந்த மாணவன் ஒருவனின் பாட்டியார் அடுத்த படியைக் காணாது கால் தவறினார். பின்னால் வந்த இளைஞர் ஒருவர் அவர் கையைப் பற்றிக்கொண்டமையால் பெருந்தீங்கு நேரவில்லை. விளக்கு பழுதாகிவிட்டதென்றே அன்று யாவரும் கருதினோம். விளக்கு பழுதாகவில்லை, அதன் விலாசமே பிழைபட்டிருந்தது. அஃது எவ்வாறு என்பதை இறுதியிற் சொல்லுகின்றேன்.

இவ்வகை முறைகளுள் இன்று உலகெங்கும் பரவியிருப்பது ‘டாலி’ என்னும் பெயருடையது. எண்முறையில் முகவரியிட்டு விளக்குகளை ஆளும் இணைமுகம் என்று பொருள்படும் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களாலாகிய சுருக்கம் அது. 1990களில் ஐரோப்பிய விளக்குக் கருவி உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடி இதனை வகுத்தனர். ஒருவர் செய்த கருவி மற்றொருவர் செய்த கருவியோடு பேச முடிய வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம். ஜெனீவாவிலுள்ள சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு இதற்கென 62386 என்னும் இலக்கமுடைய நியமத்தை 2009ஆம் ஆண்டில் வெளியிட்டது. 2014ஆம் ஆண்டில் அதன் அடிப்படைப் பகுதிகள் திருத்தப்பட்டன.

இம்முறையில் விளக்குகளுக்கு மின்வலுவைக் கொடுக்கும் வழக்கமான கம்பிகளோடு, செய்தி கொண்டுசெல்வதற்கென மேலும் இரண்டு கம்பிகள் இழுக்கப்படும். இவ்விரண்டும் ஒரு பகுதியிலுள்ள எல்லா விளக்குகளையும் தொட்டுச் செல்லும். மரத்தின் கிளைகளைப்போல எவ்வாறும் பிரிந்து செல்லலாம். ஆயினும் சுற்றிவந்து வளையமாக மூடிக்கொள்ளுதல் ஆகாது. கம்பியின் நீளம் 300 மீற்றருக்கு மேற்படலாகாது. கம்பிகளிடையே சாதாரணமாக 16 வோல்ற் அளவான அழுத்தம் இருக்கும். பேச விரும்பும் கருவி, இரு கம்பிகளையும் கணநேரம் ஒன்றோடொன்று தொடுத்து அவ்வழுத்தத்தைத் தாழ்த்துகின்றது, பின்னர் விட்டுவிடுகின்றது. இவ்வாறு தாழ்ந்தும் உயர்ந்தும் வரும் மாற்றங்களே அதன் மொழி. ஒரு செக்கனில் 1200 துவித இலக்கங்களை இம்மொழி தாங்கிச் செல்லும். இன்றைய கணினிகளின் வேகத்தோடு ஒப்பிடின் இஃது ஆமை நடையே. ஆயினும் விளக்கை ஏற்றவும் தணிக்கவும் அது போதுமானது. வேகம் குறைவாக இருப்பதனாலேயே சாதாரணக் கம்பியிலும் செய்தி சிதையாமற் செல்லுகின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறுதல் என் கடமை. 16 வோல்ற்றுத்தானே என்று எண்ணி இக்கம்பிகளை எவரும் தொடுதல் ஆகாது. வலு கொண்டுசெல்லும் கம்பிகளுடன் ஒரே உறைக்குள் இவை செல்ல அனுமதி உண்டு. ஆதலால் உயிருள்ள மின்கம்பியைப்போலவே இவற்றையும் கருதவேண்டும்.

இனி விலாசத்திற்கு வருவோம். கட்டுப்படுத்தும் கருவி அனுப்பும் ஒவ்வொரு கட்டளையும் பதினாறு துவித இலக்கங்களைக் கொண்டது. முற்பாதி எட்டும் ‘யாருக்கு’ என்பதைச் சொல்லும். பிற்பாதி எட்டும் ‘என்ன செய்ய வேண்டும்’ என்பதைச் சொல்லும். தபாலுறையின் மேல் விலாசமும் உள்ளே கடிதமும் இருப்பதை இது நிகர்க்கும். ‘யாருக்கு’ என்னும் பகுதியில் தனி விளக்கின் இலக்கத்திற்கென ஒதுக்கப்பட்டிருப்பவை ஆறு இடங்களே. ஆறு இடங்களில் சுழியையும் ஒன்றையும் மாற்றி மாற்றி எழுதினால் 64 வகைகள் கிடைக்கும். எனவே ஓர் இணைப்பில் 0 முதல் 63 வரை இலக்கமிட்ட 64 விளக்குக் கருவிகளே இருக்க முடியும். அதற்கு மேற்படின் வேறோர் இணைப்புத் தொடங்கவேண்டும். இரண்டு வீதிகளில் ஒரே இலக்கமுடைய வீடுகள் இருப்பதுபோல, இரண்டு இணைப்புகளில் ஒரே இலக்கமுடைய விளக்குகள் இருக்கலாம், குழப்பம் இல்லை.

தனி விலாசம் தவிர, 16 குழுக்களும் உண்டு. ஒரு விளக்கு எத்தனை குழுக்களிலும் அங்கம் வகிக்கலாம். ‘மூன்றாம் குழுவினர் அணைக’ என்று ஒரு கட்டளை பிறந்தால், அக்குழுவைச் சேர்ந்த யாவும் ஒருங்கே அணையும். ‘எல்லோரும்’ என்று விளிக்கும் பொது விலாசமும் உண்டு. இவற்றிலே முக்கியமாக அறியவேண்டியது ஒன்று: இலக்கமும் குழுவும் விளக்கினுடைய கருவியின் நினைவிலேயே பதிந்திருக்கின்றன. மின்சாரம் நின்றாலும் அவை அழிவதில்லை. விளக்கை ஓரிடத்திலிருந்து கழற்றி வேறோரிடத்திற் பூட்டினாலும் அவை அதனுடனேயே செல்லும்.

தொழிற்சாலையிலிருந்து புதிதாக வரும் கருவிகளுக்கு இலக்கம் இல்லை. அவற்றுக்கு எவ்வாறு இலக்கம் இடுவது? நாடக மேடை விளக்குகளுக்கு வேறொரு முறை உண்டு. 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ‘டி.எம்.எக்ஸ். 512’ என்னும் அம்முறையில், ஒவ்வொரு விளக்கிலுமுள்ள சிறு ஆளிகளையோ பொத்தான்களையோ கொண்டு மனிதரே இலக்கத்தைக் குறித்துவிடுவது வழக்கம். மேடை விளக்கு கைக்கெட்டும் இடத்தில் இறக்கிவைக்கப்படுவதால் அஃது இயலும். கட்டடத்தின் கூரைத் தட்டுக்கு மேலே நூற்றுக்கணக்கில் மறைந்திருக்கும் கருவிகளை ஒவ்வொன்றாக ஏணிவைத்து ஏறிக் குறித்தல் எளிதன்று. ஆதலால் டாலி முறையை வகுத்தோர் விளக்குகளே தம்மை வேறுபடுத்திக்கொள்ளுமாறு ஓர் உபாயம் கண்டனர். அது மிகவும் சுவையானது. வகுப்பறை உவமை ஒன்றினால் அதனை விளக்குகின்றேன்.

புதிதாகப் பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் சிலர் ஓர் அறையில் இருக்கின்றனர் என்று கொள்ளுங்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை. ஆசிரியரின் கண்கள் கட்டப்பட்டிருக்கின்றன. பிள்ளைகளுக்குத் தெரிந்த மறுமொழி ஒன்றே, அது கைதட்டுதல். ஒருவர் தட்டினாலும் பத்துப்பேர் தட்டினாலும் ஆசிரியருக்குக் கேட்பது ‘ஆம்’ என்னும் ஒரே மறுமொழிதான். எத்தனை பேர் தட்டினர், யார் தட்டினர் என்பது தெரியாது. இந்நிலையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இடாப்பு இலக்கம் கொடுக்கவேண்டும். எவ்வாறு?

ஆசிரியர் முதலிற் சொல்லுகின்றார்: “1 முதல் 16 வரையுள்ள எண்களுள் ஒன்றை ஒவ்வொருவரும் மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.” பிள்ளைகள் மூவர் முறையே 3, 6, 11 என நினைத்துக்கொண்டனர். ஆசிரியருக்கு இது தெரியாது. அவர் கேட்கின்றார்: “எட்டோ அதற்குக் குறைவோ நினைத்தவர் தட்டுக.” தட்டொலி கேட்கின்றது. “நான்கோ அதற்குக் குறைவோ?” மீண்டும் கேட்கின்றது. “இரண்டோ அதற்குக் குறைவோ?” மௌனம். “மூன்றோ அதற்குக் குறைவோ?” தட்டொலி. ஆகவே ஆகச் சிறிய எண் 3 என்பது நான்கு வினாக்களில் துணியப்பட்டது. “3 என நினைத்தவரே, உமது இடாப்பு இலக்கம் சுழி. இனி நீர் தட்டாது அமைதியாக இரும்” என்கின்றார். பின்னர் மீண்டும் தொடங்குகின்றார். எட்டுக்குத் தட்டொலி, நான்குக்கு மௌனம், ஆறுக்குத் தட்டொலி, ஐந்துக்கு மௌனம். ஆகவே அடுத்தவர் 6 என நினைத்தவர். அவருக்கு இடாப்பு இலக்கம் 1. இவ்வாறு தொடர்ந்து, “16ஓ அதற்குக் குறைவோ?” என்று கேட்கும்போதும் மௌனமே நிலவுமாயின், எல்லோரும் இலக்கம் பெற்றுவிட்டனர் என்பது தெளிவு.

விளக்குகளிடத்தும் நிகழ்வது இதுவே. கட்டுப்படுத்தும் கருவி முதலில் ‘இலக்கமிடும் வேலைக்கு ஆயத்தமாகுக’ என்ற கட்டளையை இடுகின்றது. தற்செயலான இரைச்சலைக் கட்டளையென விளக்குகள் மயங்காதிருத்தற்பொருட்டு இக்கட்டளை இருமுறை அடுத்தடுத்துச் சொல்லப்படவேண்டும். இந்த ஆயத்த நிலை பதினைந்து நிமிடங்களே நீடிக்கும்; வேலையை இடையில் எவரேனும் கைவிட்டுச் சென்றாலும் விளக்குகள் தாமாகவே பழைய நிலைக்கு மீண்டுவிடும். அடுத்து, ‘ஒவ்வொருவரும் ஓர் எண்ணைத் தெரிந்துகொள்க’ என்ற கட்டளை. விளக்குகள் தெரிவது 16க்குட்பட்ட எண் அன்று. இருபத்துநான்கு துவித இலக்கங்களாலான எண். அவ்வகையில் 1,67,77,216 எண்கள் உண்டு. இத்துணைப் பெரிய பரப்பாயினும், ஒவ்வொரு வினாவும் அதனைப் பாதியாக்கிக்கொண்டே செல்வதால், இருபத்துநான்கு வினாக்களில் ஆகச் சிறிய எண்ணைக் கண்டுவிடலாம். பதினாறுக்கு நான்கு வினாக்கள், ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட எண்ணுக்கு இருபத்துநான்கே வினாக்கள். பாதியாக்குதலின் ஆற்றல் இதுவாகும். ஓர் இணைப்பிலுள்ள விளக்குகள் முழுவதும் இலக்கம் பெறுவதற்குச் சில நிமிடங்கள் போதும்.

இரண்டு விளக்குகள் ஒரே எண்ணைத் தெரிந்துகொண்டால் என் செய்வது என்று கூர்மையான நேயர் ஒருவர் வினவலாம். நல்ல வினா. 64 விளக்குகளை இருவர் இருவராகச் சேர்த்தால் 2016 சோடிகள் வரும். அத்துணைப் பெரிய எண்பரப்பில் இவற்றுள் ஏதேனும் ஒரு சோடி ஒத்துப்போவதற்குரிய வாய்ப்பு ஏறத்தாழ எண்ணாயிரத்தில் ஒன்று. அவ்வாறு நேர்ந்தால் இரு விளக்குகளும் ஒரே இலக்கத்தைப் பெறும். பூட்டிய விளக்குகளின் தொகையையும் இலக்கம் பெற்றவற்றின் தொகையையும் ஒப்பிட்டால் ஒன்று குறைந்திருக்கும், குற்றம் வெளிப்படும். அவ்விரண்டையும் மட்டும் மீண்டும் எண் தெரியச்செய்து பிரித்துவிடலாம். தொகையை எண்ணிப் பார்த்தல் என்னும் எளிய ஒழுக்கம் இங்கே எவ்வளவு பயன்படுகின்றது பாருங்கள்.

இதுவரை கருவி செய்தது. இனி மனிதர் செய்யவேண்டியது வருகின்றது. விளக்குகள் தாமே எண்ணைத் தெரிந்துகொண்டமையால், இலக்கத்திற்கும் இடத்திற்கும் யாதொரு தொடர்பும் இராது. வாசலிலுள்ள விளக்கு 41 ஆகவும், அதனை அடுத்தது 7 ஆகவும் இருக்கலாம். ஆதலால் ஒருவர் கட்டடத்தின் வரைபடத்தைக் கையிற் கொண்டு நடக்கவேண்டும். மற்றவர் கருவியின் முன் இருந்து இலக்கம் 0 உடையதைச் சிமிட்டச் செய்வார். எங்கே சிமிட்டுகின்றதோ அவ்விடத்தை நடப்பவர் படத்திற் குறிப்பார். பின்னர் 1, பின்னர் 2. வேண்டுமாயின், வாசலிலிருந்து வரிசையாக வருமாறு இலக்கங்களை மாற்றியும் கொள்ளலாம். இது சலிப்புத் தரும் வேலை. ஆயினும் முழுமுறையும் இதன்மேலேயே நிற்கின்றது. இங்கே ஒரு பிழை நேர்ந்தால் அது பல ஆண்டுகள் மறைந்திருந்து, ஒருநாள் இருளாக வெளிப்படும்.

இலக்கமிட்டபின் குழுக்களும் ‘காட்சி’களும் வகுக்கப்படும். காட்சி என்பது ஒவ்வொரு விளக்கும் எவ்வளவு பிரகாசமாக எரியவேண்டும் என்று முன்கூட்டியே நினைவிற் பதித்துவைத்த ஏற்பாடு. பதினாறு காட்சிகளை ஒரு விளக்கு நினைவில் வைத்திருக்கும். வாசிப்பு வேளைக்கு ஒன்று, படம் காட்டும் வேளைக்கு ஒன்று, துப்புரவு செய்யும் வேளைக்கு ஒன்று என வகுத்துவிட்டால், ஒரு பொத்தானை அழுத்தியதும் ஒவ்வொரு விளக்கும் தன் பங்கை அறிந்து செய்யும். செய்திக் கம்பி அறுந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் ஒவ்வொன்றிலும் பதிந்திருக்கும். வேறு கட்டளை பதியப்படாதவிடத்து, செய்திக் கம்பியில் அழுத்தம் இல்லாது போனதும் விளக்குகள் முழுப் பிரகாசத்துடன் எரியும். ஐயம் நேர்ந்தால் வெளிச்சமே தருக என்பது இதன் கருத்து. வகுத்தோரின் மனிதநேயத்தை இதிற் காண்கின்றேன்.

மின்தடையின்போது எரியவேண்டிய அவசரகால விளக்குகளுக்கும் இவ்விலாசம் பெரிதும் உதவுகின்றது. மின்கலத்தைத் தன்னகத்தே கொண்ட அத்தகைய விளக்கை அதன் இலக்கத்தைச் சொல்லி அழைத்து, ‘உன்னைச் சோதித்துப் பார்’ என்று கட்டளையிடலாம். அது தன் மின்கலத்தையும் விளக்கையும் சோதித்து விடை கூறும். மருத்துவமனை ஒன்றிலே எந்த விளக்குத் தவறிவிட்டது என்பதை ஏணியின்றி அறிவது சிறு நன்மையன்று. ஆனால் ‘இலக்கம் 23 பழுது’ என்று கருவி சொல்லும்போது, 23 எங்கே இருக்கின்றது என்று கூறும் பட்டியல் காணாமற்போயிருந்தால், அந்த அறிவிப்பினாற் பயன் என்ன?

இப்பொழுது எங்கள் பரிசளிப்பு விழாவுக்கு மீளுவோம். அம்மண்டபத்தின் படிக்கட்டு விளக்கு விழாவுக்குச் சில நாள்களுக்கு முன்னர் பழுதாகியிருந்தது. அதனை மாற்றியவர், வேறொரு கட்டடத்திற் பயன்பட்டு நல்ல நிலையிலிருந்த கருவியொன்றைக் கொணர்ந்து பூட்டினார். விளக்கு எரிந்தது, வேலை முடிந்தது என்று சென்றார். அவர் சோம்பேறியல்லர், நேர்மையானவரே. ஆனால் அந்தக் கருவி தன் பழைய வாழ்க்கையை மறக்கவில்லை. முன்னைய கட்டடத்தில் அதன் இலக்கம் 12. அங்கே அது இரண்டாம் குழுவைச் சேர்ந்தது. இந்த மண்டபத்திலோ இரண்டாம் குழு என்பது பார்வையாளர் பக்கத்து விளக்குகள். ‘இரண்டாம் குழுவினர் அணைக’ என்ற கட்டளை வந்ததும், படிக்கட்டு விளக்கும் பணிவோடு அணைந்துவிட்டது. அது தவறு செய்யவில்லை; கட்டளைக்கு அடங்கியது.

பின்னர் விடயம் அறிந்த ஒருவர் வந்து ஆராய்ந்தபோது, மண்டபத்தில் ஏற்கெனவே 12 என்னும் இலக்கமுடைய விளக்கொன்று இருப்பதும் தெரியவந்தது. இரண்டும் ஒரே அழைப்புக்கு ஒருங்கே மறுமொழி கூறியமையால், மறுமொழி குழம்பிக் கருவிக்கு விளங்காது போயிருந்தது. அவர் படிக்கட்டு விளக்கின் பழைய குழுவை அழித்து, இலக்கத்தையும் மாற்றி அமைத்தார். அவர் கூறிய நுட்பம் ஒன்று என் மனத்திற் பதிந்தது. ‘யாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவருக’ என்னும் கட்டளையை இட்டால், குழுக்களும் காட்சிகளும் மறையும். ஆனால் இலக்கம் மறையாது. அதனைத் தனியாக நீக்கவேண்டும். இதனை அறியாதவர், எல்லாம் அழிந்துவிட்டதென்று நம்பி ஏமாறுவர்.

எனவே இத்தகைய ஏற்பாடு உள்ள கட்டடங்களைப் பராமரிப்போர் சில விதிகளைக் கைக்கொள்ளுதல் நன்று. முதலாவது, இலக்கம், இடம், குழு ஆகிய மூன்றையும் காட்டும் பட்டியலைக் காகிதத்தில் அச்சிட்டு, பிரதான மின்பெட்டியின் கதவின் உட்புறத்தில் வைத்திருத்தல். வேலை செய்தவரின் கணினியில் மாத்திரம் அஃது இருக்குமாயின், அவர் போகும்போது அதுவும் போய்விடும். இரண்டாவது, பழைய கருவியைப் பூட்டுமுன் அதன் இலக்கத்தையும் குழுவையும் நீக்குதல். மூன்றாவது, விளக்கொன்றை மாற்றியவுடன், ஒளிர்கின்றதா என்று பார்ப்பதோடு நில்லாது, எல்லாக் குழுக்களையும் ஒவ்வொன்றாக அணைத்து ஏற்றிப் பார்த்தல். நான்காவது, 64 இடங்களையும் நிரப்பிவிடாது, பின்வரும் தேவைக்கெனச் சில இலக்கங்களை விட்டுவைத்தல்.

நான் ஆண்டுதோறும் தை மாதத்தில் புதிய பிள்ளைகளின் பெயர்களை இடாப்பிற் பதிகின்றேன். வேறொரு பாடசாலையிலிருந்து வரும் பிள்ளைக்குப் பழைய சேர்விலக்கம் இருக்கும். அதனை விட்டுப் புதிய இலக்கம் கொடுக்கின்றோம். ஒரே இலக்கம் இருவருக்கு அமையாதவாறு பார்த்துக்கொள்ளுகின்றோம். இஃது எழுதுவினைஞரின் சிறு வேலை என்று பலர் எண்ணுவர். அந்த மாலையில் இருண்ட படிக்கட்டில் ஒரு கை மற்றொரு கையைப் பற்றியதைக் கண்டபின், அவ்வாறு எண்ண எனக்கு மனம் வருவதில்லை. நீங்கள் பொது மண்டபமொன்றின் பொறுப்பாளராக இருப்பின், நாளைக் காலையில் உங்கள் மின்பெட்டியின் கதவைத் திறக்கச் சொல்லி, அங்கே பட்டியல் இருக்கின்றதா என்று பாருங்கள். இல்லையாயின், அடுத்த விழாவுக்கு முன்னர் அதனை எழுதி வையுங்கள்.